பாதாளக் கரண்டியின் வாரிசு

கிணற்றில் குடம் விழுந்துவிட்டால், பாதாளக் கரண்டி வைத்திருக்கும் வீட்டைத் தேடிப் போவது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு வரை ஸ்ரீரங்கத்தில் சர்வசாதாரணமான காரியம். இரும்பு வளையத்தைச் சுற்றிப் பல கொக்கிகள் தொங்கும் அந்தச் சாதனம் உத்தர வீதியில் எங்கள் வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. இரவல் கேட்டுப் போகிறவர்கள் ஒரு செம்பையோ தவலையையோ அங்கே ஈடாக வைத்துவிட்டுத்தான் அதை எடுத்துவர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். என் பாட்டி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுச் சுவரின்மேல் சாய்ந்து நிற்கும்போது, கண்கள் ஜலத்தின்மீது இருந்தாலும் கவனம் முழுவதும் உள்ளங்கையில் குவிந்திருக்கும். கொக்கி அடியில் எதன்மீதோ இடறுகிற மெல்லிய அதிர்வை வைத்தே, "இது கல், இது சேறு, இதோ, இதுதான் குடம்" என்று சொல்லிவிடுவார்.

சென்ற கோடையில் அதே கிணற்றுக்குள் என் பேரன் ஒரு கண்ணை இறக்கினான். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவனும் அவனுடைய இரண்டு சிநேகிதர்களும், வாசலில் பொருத்துகிற சாதாரண சிசிடிவி கேமரா ஒன்றையும், நான்கு அங்குல பிவிசி குழாயில் ஒரு முழத் துண்டையும், அதன் ஒரு முனைக்கு மூடியும் மறுமுனைக்கு வட்டமாக அறுத்த தடித்த அக்ரிலிக் தகடும், மெயின்கார்டுகேட் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கிய எம்-சீலும், ஒரு சுருள் லேன் கேபிளும் சேர்த்து, ஏறத்தாழ 4,000 ரூபாய்க்குள் அந்த யந்திரத்தைச் சிருஷ்டித்தார்கள். கேபிள் எதற்கு, இக்காலத்தில் எல்லாம் வைஃபை அல்லவா என்று நான் கேட்டேன். "தண்ணிக்குள்ள வைஃபை போகாது தாத்தா, நாலு விரக்கடையிலேயே செத்துப்போகும்" என்றான். காற்றில் எத்தனையோ காதம் பிரயாணம் செய்யும் ரேடியோ அலைகளை ஜலம் விழுங்கிவிடுகிறது என்பதை எழுபது வயதை நெருங்கும்போது ஒரு சிறுவன் வாயிலாகக் கற்றுக்கொண்டதில் எனக்குச் சந்தோஷமே.

வெறும் குழாயை முதலில் கேமரா இல்லாமல்தான் இறக்கினார்கள். அதற்குள் அன்றைய தினசரியின் ஒரு தாளைச் சுருட்டி வைத்து, கல்லைக் கட்டி, கிணற்றின் அடிவரை விட்டு, அரை மணி கழித்து எடுத்துத் திறந்தால், தாளின் எந்த மூலை நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கசிவு என்பது கணக்கு. மூன்று தடவை தாள் நனைந்தது. அக்ரிலிக் தகட்டின் விளிம்பிலும் மூடியின் விளிம்பிலும் பூச்சை மாற்றி மாற்றிப் பூசியும் பயனில்லாமற்போகவே, நாலாவது தடவை தாளைப் பிரித்துப் பார்த்த பேரன், ஈரம் விளிம்பிலிருந்து வராமல் நடுவிலிருந்து, அதாவது கேபிளின் நுனியிலிருந்து, பரவியிருப்பதைக் கண்டான். வெளியே எங்கோ கேபிளின் மேலுறையில் நகக்கீறல் அளவு ஒரு வெட்டு. அதன் வழியே நுழைந்த ஜலம், உறைக்கும் உள்ளே முறுக்கிக் கிடக்கும் கம்பிகளுக்கும் இடைப்பட்ட சந்தில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் ஏறி, நாங்கள் அவ்வளவு பத்திரமாக அடைத்திருந்த துவாரத்தைப் பொருட்படுத்தாமல் குழாய்க்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பிறகு மேலுறையை உரித்து, எட்டுக் கம்பிகளையும் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றி எபாக்ஸி பிசின் இறுகும்படி வார்த்தார்கள். ஐந்தாவது தடவை தாள் மொறமொறவென்று வெளியே வந்தது. அன்று அந்த மூன்று பிள்ளைகளும் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லையில் குதித்ததை என்னால் மறக்க முடியாது.

இவ்வளவு பிரயாசைக்கும் காரணம் ஜலத்தின் அழுத்தம். பத்து மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடுதலாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் கிணற்றில் இருபது அடி ஜலம். அது ஒரு பொருட்டல்ல. ஆனால் மேட்டூர் அணையின் முழு நீர்மட்டமான 120 அடிக்கு இதே குழாயை இறக்குவதாக வைத்துக்கொண்டால், பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்த அக்ரிலிக் ஜன்னலின்மீது மட்டும் சுமார் 287 கிலோ, அதாவது 75 கிலோ அரிசி மூட்டைகள் ஏறத்தாழ நான்கு, அழுத்திக்கொண்டிருக்கும். மேட்டூரை ஏன் உதாரணம் சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கேமராவை வைத்து இறக்கிய அன்று மடிக்கணினியின் திரையில் முதலில் தெரிந்தது வெண்மையான மூட்டம் ஒன்றே. விளக்கைக் கேமராவின் கண்ணுக்குப் பக்கத்திலேயே பொருத்தியிருந்ததால், ஜலத்தில் மிதக்கும் தூசியெல்லாம் ஒளியைத் திருப்பி அடித்தது. மார்கழி அதிகாலையில் பனிக்குள் முகப்பு விளக்கை முழுதாகப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால் சாலை மறைந்துபோவது போல. விளக்கை ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் சாய்த்துக் கட்டியதும் மூட்டம் விலகியது. செங்கற்கள் வரிசை வரிசையாக மேலேறிச் சென்றன. வேப்பமரத்தின் வேர் ஒன்று இரண்டு கற்களுக்கு நடுவே தலை நீட்டி, நரைத்த தாடி போல் ஜலத்தில் ஆடிற்று. ஜலமட்டத்துக்குக் கீழே பதினெட்டு அடியில், துவைக்கும் கல் இருக்கும் பக்கத்தில், ஏழெட்டுச் செங்கற்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இருண்ட ஒரு வாய். அதற்குள்ளிருந்து மணல் மெதுவாக, புகை இறங்குவது போல், இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவருக்குப் பின்னாலிருக்கும் மண் எத்தனை வருஷங்களாக இப்படிக் கரைந்து போய்க்கொண்டிருக்கிறதோ! அந்த வெற்றிடத்தின்மேல் நின்றுகொண்டுதான் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஸ்நானம் செய்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் கிணறு சுத்தமாக, பளிங்கு போல் இருந்தது. கொத்தனாரை வரவழைத்து ஜலத்தை இறைத்து, அந்த இடத்தைக் கட்டி முடித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

இந்தச் சொந்தக் கதையைப் பத்திரிகையில் எழுதுவதற்கு ஒரு நியாயம் உண்டு. நாங்கள் ஒரு தீவில் வசிக்கிறவர்கள். முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் எங்கள் ஊரை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. பாலத்தைத் தாண்டாமல் நாங்கள் எங்கும் போக முடியாது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்று புது வெள்ளத்துக்குப் பூவும் காதோலை கருகமணியும் இட்டு வணங்கும் எங்களுக்கு, அந்த வெள்ளத்தின் அடியில், எங்களைத் தாங்கும் தூண்களின் பாதத்தில், எங்கள் பாசனத்தைத் தாங்கும் கதவணையின் காலடியில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெருவெள்ளம் வந்தபோது, 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சில சரிந்தன. அம்மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடக் கதவணையின் 9 மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் தொடங்கிக் கட்டிய மேலணை அது. மணலை அள்ளியதுதான் காரணம் என்று ஒரு சாராரும், கட்டடத்தின் வயதுதான் காரணம் என்று மற்றொரு சாராரும் வாதப் பிரதிவாதம் செய்தார்கள். விழுந்த பிறகு எடுத்த படங்கள் ஆயிரம் வந்தன. விழுவதற்கு முந்திய மாதங்களில் அதன் காலடி எப்படி இருந்தது என்று காட்டும் நீரடிப் படம் ஒன்றைக்கூட நான் எந்தப் பத்திரிகையிலும் கண்டதில்லை.

ஆற்றுக்கு ஒரு சுபாவம் உண்டு. ஓட்டத்தின் நடுவே ஒரு தூண் நின்றால், அதன் நெற்றியில் மோதுகிற ஜலத்தில் ஒரு பகுதி கீழ்நோக்கிப் பாய்ந்து, தூணின் பாதத்தைச் சுற்றிச் சுழன்று, மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. வெள்ளம் எவ்வளவு அதிகமோ பள்ளம் அவ்வளவு ஆழம். வெள்ளம் வடியும்போது அதே ஆறு தான் தோண்டிய பள்ளத்தில் புது மணலைத் தூவி மூடிவிடுகிறது. கோடையில் போய்ப் பார்க்கிறவர் கண்ணுக்கு எல்லாம் சமதளமாக, சாதுவாக இருக்கும். கல்லணையை ஆராய்ந்த காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் இடும் வித்தையை அதைக் கட்டிய தமிழர்களிடமிருந்து தாம் கற்றதாக மனம் திறந்து ஒப்புக்கொண்டவர். மணலின் அடியைப் பற்றிக் கவலைப்படுவது இந்த மண்ணின் பழைய வித்தை. நாம்தான் அதை மேற்பரப்போடு நிறுத்திக்கொண்டோம்.

மேற்பரப்போடு நிறுத்திக்கொண்டோம் என்பதற்கு மேட்டூரைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. திருச்சியிலும் தஞ்சையிலும் தினசரிப் பத்திரிகையைக் கையில் எடுக்கும் விவசாயி, தலைப்புச் செய்திக்கு முன்னால் தேடுவது மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை. இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. ஜூன் 12-ஆம் தேதி மதகு திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதெல்லாம் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த அடிக்கணக்கு ஜலத்தின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்கிறதே ஒழிய, கால் எங்கே நிற்கிறது என்று சொல்வதில்லை. 93.47 டிஎம்சி என்று பள்ளிக்கூடத்தில் படித்த கொள்ளளவில் எவ்வளவு வண்டல் படிந்து கிடக்கிறது என்று டெல்டா விவசாயிகள் எத்தனையோ வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டலுக்கு மேலே நிற்கும் பொருள்களும் உண்டு. அணை கட்டியபோது நீரில் மூழ்கிய கிராமங்களின் ஞாபகமாக, பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அதன் நந்தியும், ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கின்றன. மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டும். ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்ப்பார்கள். பத்திரிகைகளில் படம் வரும். மேட்டூர்க்காரர்களுக்கு அது வேடிக்கை. கடைமடைக்காரனுக்கு, நந்தியின் முகம் பத்திரிகையில் வந்தால், வயிறு கலங்கும். அதாவது, எங்களுக்குச் சோறு போடும் ஏரியின் அடியை நாங்கள் வறட்சியில் மட்டுமே தரிசிக்கிறோம். நிறைந்த காலத்தில் அந்தக் கோயில் ஐம்பது அடிச் சொச்ச ஆழத்தில்தான் இருக்கிறது. என் பேரனின் குழாய்க்கு அது அப்படியொன்றும் எட்டாத தூரமல்ல.

இதில் எனக்கு நெடுநாளாக வியப்பைத் தரும் ஒரு தேதிப் பொருத்தம் இருக்கிறது. மேட்டூர் அணையைச் சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லி திறந்துவைத்தது 1934-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் தேதி. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்பு, ஆகஸ்டு 15 அன்று, பெர்முடா தீவருகே வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் ஓர் எஃகு உருண்டைக்குள் தங்களைப் பூட்டிக்கொண்டு, மூன்று அங்குலத் தடிமனுள்ள குவார்ட்ஸ் ஜன்னல்கள் வழியே பார்த்தபடி, அட்லாண்டிக் சமுத்திரத்தில் 3,028 அடி ஆழத்துக்கு இறங்கினார்கள். கயிற்றில் தொங்கும் உருண்டை, உள்ளே விளக்கு, மேலே டெலிபோன் கம்பி: தத்துவத்தில் அது பாதாளக் கரண்டியின் தூரத்து உறவுதான். உலகின் ஒரு மூலையில் மனிதன் ஆழத்துக்குள் கண்ணை இறக்கிய அதே வாரத்தில், நம் மூலையில் நாம் ஓர் ஆழத்தை உண்டாக்கி, அதன்மேல் ஜலத்தை மூடி, மட்டம் மட்டும் அளக்கத் தொடங்கினோம்.

தமிழ்நாட்டில் இதற்கு அறிவோ ஆற்றலோ இல்லாமல் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ரோசப் 6000 என்ற ஆளில்லா யந்திரத்தை இந்தியப் பெருங்கடலில் ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே இறக்கிச் சோதித்திருக்கிறது. அதே நிறுவனத்தின் புரோவ் என்ற சிறு யந்திரம் 2015-இல் அண்டார்டிகாவுக்குப் போய், இந்தியாவின் மைத்ரி நிலையத்துக்குக் குடிநீர் தரும் பிரியதர்ஷினி ஏரிக்குள் இறங்கி, அங்கே அடியில் இருப்பதைப் படமெடுத்து வந்திருக்கிறது. பள்ளிக்கரணையில் செய்த கண் தென்துருவத்து ஏரியின் அடியைப் பார்த்துவிட்டது. பண்ணவாடியின் அடியைப் பார்க்க நாம் இன்னமும் மழை பொய்ப்பதற்காகக் காத்திருக்கிறோம். சென்னை ஐஐடியில் முளைத்து 2015-இல் ஆரம்பமான பிளேனிஸ் என்ற நிறுவனம் அணைகளையும் பாலங்களையும் நீருக்கடியில் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறது. ஆகவே என் விண்ணப்பம் புதிய விஞ்ஞானத்துக்கானது அல்ல. கொல்லைப்புறத்தில் இந்த யந்திரங்களைச் செய்யத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பொதுநீரில் இடம் கொடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

திருச்சியில் 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய என்ஐடி இருக்கிறது; அதைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் இறுதி ஆண்டு மாணவர்கள் பிராஜெக்ட் என்ற பெயரில் ஏதோ ஒரு பொம்மையைச் செய்து, மதிப்பெண் வாங்கி, அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். வெள்ளம் வடிந்து ஜலம் தெளிந்து நிற்கும் தை, மாசி மாதங்களில், முக்கொம்பு, கல்லணை, காவிரிப் பாலம், கொள்ளிடப் பாலம் ஆகிய இடங்களில் ஆளுக்கொரு தூணை, ஆளுக்கொரு மதகை ஒரு கல்லூரி தத்தெடுத்துக்கொண்டு, நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர் கரையில் நிற்க, அடியைப் படமெடுத்து, சென்ற வருஷப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டால், எத்தனை நஷ்டத்தைத் தவிர்க்கலாம்! 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளைப் பருவமழைக்கு முன்பும் பின்பும் பரிசோதிக்கவேண்டும் என்கிறது. முக்கொம்பு போன்ற தாழ்ந்த கதவணைகள் அந்தச் சட்டத்தின் உயரக் கணக்குக்கு எட்டாதவை. பாலத்துத் தூண்களுக்கு அதனோடு சம்பந்தமே இல்லை. எட்டாத இடத்துக்கு இந்தப் பிள்ளைகளின் கயிறு எட்டும்.

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். அணை என்பது பாதுகாப்புச் சம்பந்தமான இடம், கண்டவர்களை யந்திரத்தோடு விட முடியாது என்பார்கள். நியாயம், அதனால்தான் அதிகாரியின் கண்ணெதிரே என்றேன். ஒலியால் ஆழத்தை அளக்கும் சோனார் இருக்கும்போது கேமரா எதற்கு என்பார்கள்; சோனார் பள்ளத்தின் உருவத்தைக் காட்டும், கல் பெயர்ந்த இடத்தில் சாந்து உதிர்ந்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதைக் கண் ஒன்றே காட்டும். கலங்கல் வெள்ளத்தில் கேமராவால் ஒரு சாண்கூடப் பார்க்க முடியாது என்பதும், மணல் மூடிய பள்ளம் அதற்குப் புலப்படாது என்பதும் உண்மை. வெள்ள காலத்து ஆழத்துக்குச் சோனாரும் அளவுகோலுமே கதி. ஆனால் கதவணைத் தளத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஜலம் வற்றாத மடுக்கள் இருக்கின்றன. அங்கேதான் தளத்தின் விளிம்பு அரிபடும். அங்கேதான் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிப்போகிறார்கள். அந்த மடுக்களுக்குள் மனிதனை இறக்குவதைவிட ஒரு குழாயை இறக்குவது எவ்வளவோ மேல். குழாய் போனால் 4,000 ரூபாய் போகும்.

வேறொரு தேசத்தில் இது எப்படி வளர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். கலிபோர்னியாவில் ஹால் சிட்டி குகை என்ற இடத்தில் ஆழமான நீர்ச்சுனை ஒன்று உண்டு. கொள்ளைக்காரர்கள் அதற்குள் தங்கத்தைப் போட்டுவைத்தார்கள் என்பது அந்தப் பக்கத்துக் கர்ணபரம்பரை. அந்தக் கதையில் மயங்கிய எரிக் ஸ்டாக்போல், டேவிட் லாங் என்ற இரண்டு இளைஞர்கள், வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு நீர்மூழ்கிக் கேமரா யந்திரத்தைச் செய்து, அதன் வரைபடங்களை ஒளிக்காமல் உலகத்துக்கே திறந்து வைத்து, 2012-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி ஓபன்ஆர்ஓவி என்ற பெயரில் அதைப் பலர் கைக்கும் கொண்டுபோனார்கள். தங்கத்தைத் தேடிப் புறப்பட்டவர்களால் தேசதேசங்களில் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளங்களின் அடியைப் பார்த்தார்கள். நமக்குத் தங்கக் கதை தேவையில்லை. நம் ஏரிக்குள் ஒரு நந்தி அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி, வீதியும் களமும் கிணறும் இருந்த ஓர் ஊர் அமர்ந்திருக்கிறது. அந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மேட்டூரைச் சுற்றிலும் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் தண்ணீர் இறைத்த கிணற்றின் வாயை, வறட்சி வராத ஒரு வருஷத்தில், நிறைந்த ஜலத்தின் வழியே ஒரு தடவை பார்க்க அவர்களுக்கு உரிமை இல்லையா? அதே படத்தில், நந்தியின் பீடத்தில் வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எங்கள் தஞ்சை விவசாயியும் பார்த்துக்கொள்ளலாமே.

பிள்ளைகள் இப்போது இரண்டாவது யந்திரத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அக்ரிலிக் தகட்டை இரட்டிப்புத் தடிமனில் வாங்கியாயிற்று. குழாய் மிதக்காமல் இறங்குவதற்கு மீன்வலையில் கட்டும் ஈயக் குண்டுகளைக் கேட்டு வாங்கி, தராசில் நிறுத்து, குழாய் விலக்கும் ஜலத்தின் எடைக்கு ஒரு கைப்பிடி அதிகமாகக் கோத்தாயிற்று. நேற்று மாலை கொல்லையில் கயிற்றை நீட்டிப் போட்டு, பத்தடிக்கு ஒரு முடிச்சாக வெள்ளை நூல் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐம்பது அடிச் சொச்சத்தில் மஞ்சள் நூல், அது நந்திக்காம். நூற்றிருபதாவது அடியில் சிவப்பு நூலைக் கட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். கண் சரியாகத் தெரியாததால், பாட்டி சொல்லிக்கொடுத்தபடி, கையால் தடவிப் பார்த்தே முடிச்சைப் போட்டேன்.